இரு வீரவகை, ஓர் உடல்: பாத்திர ஆட்டங்களில் போர்மரபுகளின் கூட்டும் தாமிரபரணிக் கரையின் சான்றும்

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டங்களைப் பாத்திர ஆட்டங்கள் எனலாம். ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து நிகழ்ச்சிகளை விவரிக்க, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று தாம் செய்வதைச் சொல்கின்றனர். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. ஒரு பாத்திரம் எதில் வல்லது, எதில் வலுவற்றது என்பதை முதன்மையாக வரையறுப்பது ஆட்டக்காரர்கள் ‘கிளாஸ்’ என்று வழங்கும் வகை. அந்த வகையில் அப்பாத்திரம் எட்டியிருக்கும் வளர்ச்சியைப் படிநிலை, அதாவது ‘லெவல்’, காட்டுகிறது. ஒரே வகையில் வளராமல் இரண்டில் வளரும் பாத்திரம் கூட்டுவகைப் பாத்திரமாகும். வாள்வீரனையும் மந்திரவாதியையும் ஒருவனுக்குள் கூட்டுவதன் பயனை விளக்கவே வேண்டியதில்லை. ஒருவனிடம் இல்லாதது மற்றவனிடம் இருக்கிறது. இருவரும் ஆயுதம் ஏந்துபவர்களாக, இருவரும் முன்வரிசையில் நிற்பவர்களாக, அதாவது இரண்டும் வீரவகைகளாக இருக்கும்போது அக்கூட்டால் விளைவது என்ன என்பதே இங்கு ஆராயப்படுகிறது. விதிநூல்கள் ஐம்பது ஆண்டுகளாக இவ்வினாவுக்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்துவந்துள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரியைச் சூழ்ந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த போர்வீரர்களின் நிலையை அவ்விடைகளோடு ஒப்பிட்டால், எந்தக் கூட்டு பொருந்தும், எது பொருந்தாது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

இவ்வகை ஆட்டங்களின் முதல் நூலான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோரின் ஆக்கமாக அமெரிக்காவில் வெளிவந்தபோது, அதில் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகைகளே இருந்தன. போர் செய்வோருக்கு ஒரே வகை என்பதால் இரு வீரவகைகளைக் கூட்டும் பேச்சுக்கே அப்போது இடமில்லை. அடுத்த ஆண்டிலேயே அறநெறிக்குக் கட்டுப்பட்ட குதிரைவீரனாகிய பாலடினும், காடறிந்து தடம் பார்க்கும் வீரனாகிய ரேஞ்சரும் சேர்க்கப்பட்டனர். இவர்கள் போர்வீரனின் கிளைகளாகவே கருதப்பட்டனர். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு போர்வீரனாகிய ஃபைட்டர், பாலடின், ரேஞ்சர் மூவரையும் ‘வாரியர்’ என்னும் ஒரே தொகுதியில் வைத்து, ஒரு தொகுதிக்குள்ளிருந்து இரண்டைக் கூட்டலாகாது என்று விலக்கியது. ஒரே வேரிலிருந்து கிளைத்தவற்றை மீண்டும் ஒட்டுவதால் புதிதாக எதுவும் பிறக்காது என்பதே இவ்விலக்கின் உட்கருத்து. ஆட்டக்காரர்களுக்கு இது கசப்பாக இருந்திருக்கலாம். ஆயினும் பிற்காலப் பதிப்புகள் பல பக்கங்களைச் செலவிட்டுச் சரிசெய்ய முயன்ற சிக்கலை இது ஒரே வரியில் தவிர்த்துவிட்டது என்பதை மறுக்க இயலாது.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அவ்வேலியைப் பிடுங்கி எறிந்தது. ஒவ்வொரு படிநிலையிலும் ஆட்டக்காரர் விரும்பிய வகையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அது விதித்தது. ஃபைட்டர், பாலடின், ரேஞ்சர், ஆவேசம் கொண்டு போரிடும் பார்பேரியன் ஆகிய நான்கிலும் தாக்கும் திறன் படிநிலைக்கு ஒன்றாக ஏறியதால், ஃபைட்டரில் நான்கும் பார்பேரியனில் நான்கும் பெற்ற பாத்திரம் தாக்கும் கணக்கில் எதையும் இழக்கவில்லை. ஃபைட்டர் தன் முதல் இரு படிநிலைகளிலும் சிறப்புத் தேர்ச்சி ஒவ்வொன்றைத் தந்ததால், வேறு வகையைச் சேர்ந்தவர்கள் அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு விலகும் வழக்கமும் பெருகிற்று. வகைகள் ஏற்றத்தாழ்வாக வளர்ந்தால் அனுபவப் புள்ளியில் 20 விழுக்காடு குறையும் என்ற தண்டனை இருந்தும் இவ்வழக்கத்தை அது முற்றாகத் தடுக்கவில்லை.

ஆயினும் இப்பதிப்பில் ஆயுதக் கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு தடையும் இருந்தது. பாலடின் ஒழுங்குக்கும் நன்மைக்கும் கட்டுப்பட்டவனாக இருந்தே தீரவேண்டும். பார்பேரியனோ ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவனாக இருக்கலாகாது, அவ்வாறு மாறினால் ஆவேசத்தை இழப்பான். ஆகவே இருவரையும் ஒரே நேரத்தில் முழுமையாகத் தாங்கும் பாத்திரம் அமையவே இயலாது. பாலடினாக இருந்தவன் வேறொரு வகையில் ஒரு படிநிலை ஏறிவிட்டால், மீண்டும் பாலடினாக வளர முடியாது என்ற விதியும் இருந்தது. கை பிடிக்கும் வாள் இருவருக்கும் ஒன்றே என்றாலும், அவர்கள் கட்டுப்பட்டிருக்கும் கடமை வேறு என்பதை அந்நூல் இங்கு ஒப்புக்கொண்டது. 2008இன் நான்காம் பதிப்பு கூட்டுவகையைச் சில சிறப்புத் தேர்ச்சிகளாகச் சுருக்கியது. 2010இல் கலப்புப் பாத்திரத்துக்கென விதிகள் சேர்க்கப்பட்டன. பின்வந்த பதிப்பு அவ்வழியைத் தொடராததால் அவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

இன்று பெரும்பாலோர் ஆடுவது 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பும், 2024இல் வந்த அதன் திருத்தமும் ஆகும். இதில் ஒரு பாத்திரம் எட்டக்கூடிய உச்சம் 20 படிநிலை. இரு வகைகளில் வளர்ந்தாலும் கூட்டுத்தொகை அதுவே. 2014 விதிப்படி இரண்டாவது வகைக்குள் நுழைய, இரு வகைகளுக்கும் உரிய திறனெண்கள் 13க்குக் குறையாமல் இருக்க வேண்டும்: பார்பேரியனுக்கு உடல்வலிமை, ஃபைட்டருக்கு உடல்வலிமை அல்லது விரைவு, ரேஞ்சருக்கு விரைவும் மதிநுட்பமும், பாலடினுக்கு உடல்வலிமையும் ஆளுமையும். இத்தடையைத் தாண்டுவது பெரிய காரியமன்று. உண்மையான தடை ஐந்தாம் படிநிலையில் இருக்கிறது. வீரவகைகள் எல்லாமே ஐந்தாம் படிநிலையில் ‘எக்ஸ்ட்ரா அட்டாக்’ என்னும் கூடுதல் தாக்கைத் தருகின்றன. அதாவது தன் முறை வரும்போது ஒன்றுக்குப் பதிலாக இரண்டு தாக்கு. இரு வகைகளில் இரு முறை இதைப் பெற்றாலும் தாக்கு மூன்றாவதில்லை. பார்பேரியனில் ஐந்தும் ஃபைட்டரில் ஐந்துமாகப் பத்தாம் படிநிலையில் நிற்பவன் ஒரே பொருளுக்கு இரு முறை விலை கொடுத்தவன் ஆகிறான். ஃபைட்டராகவே வளர்ந்தவன் பதினோராம் படிநிலையில் மூன்றாவது தாக்கைப் பெறும்போது, கூட்டுவகையான் இரண்டோடு நின்றிருப்பான்.

தொடக்கத்திலும் இதே மிகைப்பாடு தென்படுகிறது. தீங்கைத் தாங்கும் ‘சேவிங் த்ரோ’க்களில் ஃபைட்டரும் பார்பேரியனும் தேர்ச்சி பெறுவது ஒரே இரண்டில்தான்: உடல்வலிமை, உடலுறுதி. எதில் தொடங்கினாலும் இதில் வேறுபாடில்லை. ஃபைட்டராகத் தொடங்குபவனுக்குக் கனத்த கவசத்தில் பயிற்சி கிடைக்கிறது. அக்கவசத்தை அணிந்திருந்தால் ஆவேசத்தின் பயன் கிட்டாது. பார்பேரியனாகத் தொடங்கினால் முதற்படியில் உயிர்ப்புள்ளி 12, ஃபைட்டராகத் தொடங்கினால் 10. எனவே இவ்விரண்டையும் கூட்டுவோர் பார்பேரியனில் தொடங்குவதே தக்கது.

இனி, இக்கூட்டு பலிக்கும் இடத்தையும் அருகிலிருந்து காணலாம். ஐந்தாம் பதிப்பில் தாக்கு பலிக்கிறதா என்பதை இருபது முகப் பகடை காட்டுகிறது. 20 விழுந்தால் அது பேரடி, சேதத்துக்கான பகடைகள் இருமடங்காகும். ஃபைட்டர் மூன்றாம் படிநிலையில் ‘சாம்பியன்’ என்னும் கிளையைத் தேர்ந்தால் 19 விழுந்தாலும் பேரடியே; அதாவது வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்தாகிறது. பார்பேரியன் இரண்டாம் படிநிலையில் ‘ரெக்லெஸ் அட்டாக்’ என்னும் துணிச்சல் தாக்கைப் பெறுகிறான். பகைவரும் தன்னை எளிதில் தாக்கலாம் என்று விட்டுக்கொடுத்து, தான் இரு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்கிறான். இது மட்டும் இருந்தால் பேரடி வாய்ப்பு நூற்றுக்கு 9.75. இரண்டும் ஒருவனிடம் கூடினால் அது 19 ஆகிறது. ஒரு முறைக்கு இரண்டு தாக்கு என்றால், அவற்றில் ஒன்றாவது பேரடியாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 34. துணிச்சல் தாக்கால் தன்மேல் விழும் அடிகளை ஆவேசம் பாதியாகக் குறைத்துத் தாங்குகிறது. ஒருவன் அடிக்கடி பகடை உருட்டும் வழியைத் தர, மற்றவன் உருண்டதைப் பயனாக்கும் வழியைத் தருகிறான். அங்குதான் கூட்டு பொருள்படுகிறது.

இதற்கும் விலை உண்டு. பார்பேரியன் ஐந்து, ஃபைட்டர் மூன்று என எட்டாம் படிநிலையில் நிற்பவன் திறனெண்ணை உயர்த்தும் வாய்ப்பை ஒரே முறை பெற்றிருப்பான். பார்பேரியனாகவே எட்டு வரை வளர்ந்தவன் இருமுறையும், ஃபைட்டராகவே வளர்ந்தவன் நான்கு, ஆறு, எட்டு எனும் படிகளில் மும்முறையும் பெற்றிருப்பர். வரிசை பிழைத்தால் இழப்பு இன்னும் பெரிது. ஃபைட்டரில் மூன்றை முதலில் எடுத்தவனுக்கு இரண்டாவது தாக்கு எட்டாம் படிநிலையில்தான் கிட்டும். அதற்குள் மற்றவர்கள் மூன்று படிநிலைகளாக இருமுறை தாக்கிக்கொண்டிருப்பார்கள்.

பாலடினும் பார்பேரியனும் கூடும் கூட்டின் கதை வேறு. ஆவேசத்தில் இருப்பவன் மந்திரம் ஓத இயலாது. 2014 நூலில் பாலடினின் ‘டிவைன் ஸ்மைட்’ என்னும் தெய்வ அடி, மந்திரத்துக்கான ஆற்றலைச் செலவிடுவதாக இருந்தாலும் மந்திரமாகக் கருதப்படவில்லை. ஆகவே ஆவேசத்திலும் அது செல்லுபடியானது. 2024 திருத்தத்தில் அதே அடி மந்திரமாக்கப்பட்டதால், பல ஆண்டுகளாகப் போற்றப்பட்ட அக்கூட்டு ஒரு வரித் திருத்தத்தில் செத்தது. விதியின் இடுக்கை நம்பிக் கட்டிய பாத்திரத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பாத்திரத்தின் வாழ்விலிருந்து எழுந்த கூட்டு என்றால், விதி மாறினாலும் பாத்திரம் நிலைக்கும்.

பாத்திரத்தின் வாழ்வு என்று பேசத் தொடங்கியதும், தமிழர்கள் இவ்வினாவை முன்பே எழுப்பியிருப்பது நினைவுக்கு வருகிறது. போர்ச்செயல்களைப் பூவின் பெயரால் வகுத்த புறத்திணை இலக்கணத்தில், பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, கவரப்பட்டதை மீட்பது கரந்தை. மதிலை முற்றுகையிடுவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. தொல்காப்பியம் புறத்திணையை ஏழாக வகுத்து, கரந்தையை வெட்சிக்குள்ளும் நொச்சியை உழிஞைக்குள்ளும் அடக்கிற்று. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை அவற்றைத் தனித்திணைகளாகப் பிரித்துப் பன்னிரண்டாக்கியது. ஒரு நூல் கூட்டியதை மற்றொன்று பிரித்தது என்பதைவிட, இரண்டுமே வீரர்களை ஆயுதத்தால் பிரிக்கவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. வெட்சியானும் கரந்தையானும் ஏந்துவது ஒரே வேல், ஒரே வில். எதற்காக ஏந்துகிறார்கள் என்பதே வேறு.

தாமிரபரணிக் கரையின் நிலமும் இதையே சொல்கிறது. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, ஆற்றின் போக்குக்கு எதிரே சென்றால் வரும் ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானிய அறிஞர் யாகோரும், பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிமுனைகளும் கிடைத்தன. அவற்றைப் பிடித்த கைகள் எவ்வகை வீரருடையவை என்று அந்த இரும்பு சொல்வதில்லை. ஆயுதப் பட்டியலை வைத்து வீரவகை எழுதும் விதிநூல் இந்த இடத்தில் தடுமாறும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வரும்போது படம் தெளிவாகிறது. மதுரை நாயக்கர் ஆட்சியில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் அமைத்ததாகச் சொல்லப்படும் 72 பாளையங்களில் பல திருநெல்வேலிச் சீமையில் இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நெற்கட்டும்செவல், சிவகிரி, ஊத்துமலை, சிங்கம்பட்டி போன்ற மறவர் பாளையங்களும், கிழக்கே கரிசல் காட்டில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம் போன்ற நாயக்கர் பாளையங்களும் அமைந்திருந்தன. ஆற்றுப்பாசனத்தால் செழித்த நன்செய்யும், ஆழ்வார்திருநகரி, திருவைகுண்டம் முதலிய கோயிலூர்களும் இவ்விரண்டுக்கும் இடையே கிடந்தன. நெல் விளைவது இங்கே. ஆயுதம் ஏந்துவோர் இருபுறமும். இந்தக் கிடப்பே காவல் முறையை விளங்க வைக்கிறது.

காவல் இரு வகைப்பட்டது. ஊர் ஒன்றைக் காப்பது ஸ்தலக் காவல். பல ஊர்களை உள்ளடக்கிய வட்டாரத்தைப் பாளையக்காரர் காப்பது திசைக்காவல். காவல்காரருக்கு அறுவடையின்போது நெல்லாகவும் பிறவாகவும் ஒரு பங்கு உண்டு. களவு நேர்ந்தால் களவு போனதைக் கண்டுபிடித்துத் தருவது அவர் பொறுப்பு. இயலாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். துப்புச் சொல்பவருக்குக் கொடுக்கும் தொகைக்குத் துப்புக்கூலி என்றே பெயர். பங்கைக் கொடுக்க மறுத்த ஊர் அதே கைகளால் கொள்ளையிடப்படக்கூடும் என்ற அச்சமும் இம்முறையோடு ஒட்டியே இருந்தது. வெட்சியும் கரந்தையும் ஒரே ஆளிடம் கூடிய நிலை இது. தொல்காப்பியர் இரண்டையும் ஒரு திணையில் வைத்ததற்கு இந்த வட்டாரம் நல்ல உரையாகும்.

இக்காவல்காரரையும் பாளையத்துப் படைவீரரையும் தவிர மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். கும்பினியாரின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், சிப்பாய் அவர்: மாதச் சம்பளம், ஒரே சீருடை, துப்பாக்கி, அணிவகுத்து நின்று கட்டளைக்குச் சுடும் பயிற்சி. இம்மூன்றில் இரண்டைத் தன்னுள் கூட்டிக்கொண்டவர் என்று வரலாற்றில் ஒருவரைச் சுட்டவேண்டுமானால், மருதநாயகம் எனப்படும் யூசுப் கானையே சுட்ட வேண்டும். கும்பினியின் சிப்பாய்ப் படைத்தலைவராக உயர்ந்து, 1756இல் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்ட அவர், சிப்பாய்களை மட்டும் நம்பாமல் திருவிதாங்கூர்ப் படையையும் துணை சேர்த்துக்கொண்டு நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவருக்கு எதிராகப் போரிட்டார். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் 1761இல் வீழ்ந்தன. 1760இல் இலங்கையிலிருந்து வந்து கரையிறங்கிய டச்சுப் படை ஆழ்வார்திருநகரி வரை முன்னேறியபோது, அவர் திருநெல்வேலிப் பக்கமிருந்து வருவதறிந்து அது கடற்கரைக்குத் திரும்பிவிட்டதைக் கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம் குறிப்பிடுகிறது. ஆற்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் கட்டுப்பட்ட சேவகர், தம் சீமையைத் தாமே ஆளும் தலைவர் என்னும் இரு கடமைகளும் அவரிடம் மோதியபோது எழுந்ததுதான் 1763இன் கிளர்ச்சி. 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கில் அது முடிந்தது. ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடல் அவர் பெயரால் வழங்குகிறது. இந்தக் கூட்டில் ஆயுதத்தால் எந்த முரணும் எழவில்லை. யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வியில்தான் அது உடைந்தது.

ஆயுதங்களின் கூட்டுக்கு 1801இன் பாஞ்சாலங்குறிச்சி சான்றாகிறது. 1799 அக்டோபர் 16இல் அப்பாளையத்தின் தலைவர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின் பாளையங்கோட்டைச் சிறையில் வைக்கப்பட்ட அவர் தம்பி ஊமைத்துரை, 1801 பிப்ரவரியில் தப்பி, இடிக்கப்பட்ட மண்கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினார். மார்ச் 31இல் கும்பினித் தளபதி மெக்காலேயின் படை மோதித் தோற்றது. அக்னியூவின் படை மே 24இல்தான் கோட்டையைப் பிடித்தது. மதில் உடைந்த இடத்தில் நீண்ட ஈட்டிகள் சுவராக நிற்க, துப்பாக்கிகளும் இயங்கின. அப்போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத்தந்தவர் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது என்று பின்னாளில் தம் நினைவு நூலில் எழுதினார். ஆசானாக இருந்தவரையே எதிர்த்துப் போரிட நேர்ந்தவர் எழுதியது என்பதால் அக்குறிப்புக்குத் தனி எடை உண்டு.

இவ்வரலாற்றைப் பாத்திர ஆட்டத்துக்குள் கொண்டுவரும்போது விதிநூலின் ஒரு சிறு நுணுக்கம் வியப்பளிக்கும் வகையில் பொருந்துகிறது. ஐந்தாம் பதிப்பில் ‘மஸ்கட்’ துப்பாக்கிக்கு மருந்திடும் தடை உண்டு. எத்தனை கூடுதல் தாக்கு இருந்தாலும் ஒரு செயலுக்கு ஒரு குண்டுதான் சுடலாம். ஆகவே துப்பாக்கி ஏந்திய சிப்பாய்ப் பாத்திரம் ஐந்தாம் படிநிலையில் பெறும் இரண்டாவது தாக்கு, சுடும்போது பயன்படாது. ஃபைட்டரின் இரண்டாம் படிநிலையில் கிடைக்கும் ‘ஆக்ஷன் சர்ஜ்’, ஒரு முறை முழுச் செயல் ஒன்றைக் கூடுதலாகத் தருவதால், அதைக் கொண்டு இரண்டாவது குண்டைச் சுடலாம். ‘பைக்’ என்னும் நீண்ட ஈட்டியோ வழக்கமான ஐந்தடிக்குப் பதிலாகப் பத்தடி எட்டுகிறது. கூடுதல் தாக்கும் அதற்கு முழுமையாகச் செல்லும். முதல் வெடிக்குத் துப்பாக்கி, நெருங்கியபின் ஈட்டி என்று ஆடுபவர் மதில் உடைப்பில் நடந்ததை ஏறத்தாழ அப்படியே மேசைமேல் நிகழ்த்துகிறார்.

காவல்காரரை அமைக்க ரேஞ்சரே அடிப்படை. தடம் பார்ப்பதும், நிலமறிவதும், துப்புத் தேடுவதும் அவன் தொழில். ரேஞ்சரில் ஐந்து படிநிலை ஏறிக் கூடுதல் தாக்கைப் பெற்றபின் ஃபைட்டரில் இரண்டை எடுத்தால், காவல் தொழில் செய்து பின் சிப்பாயாகச் சேர்ந்த ஒருவரின் வாழ்வுக்கு அது ஒத்துவருகிறது. இரு வகைகளும் தரும் போர்ப்பாணித் தேர்வில் ஒன்றையே இருமுறை எடுக்க முடியாது என்பதால், எய்வதில் ஒன்றும் தற்காப்பில் ஒன்றும் கொள்ளலாம். இதில் விதிநூல் தராத ஒன்றை ஆட்ட நடத்துநர் தரவேண்டும்: களவு போனால் ஈடு கொடுக்கும் கடப்பாடு. ஓர் ஊரின் நெல்லுக்குப் பொறுப்பேற்ற பாத்திரம், சம்பளம் தரும் படை வேறு திசைக்கு அழைக்கும்போது என்ன செய்யும் என்பதில்தான் கதை இருக்கிறது.

தென்கோடியில் வழங்கும் சிலம்பமும் வர்மமும் சேர்ந்த மரபு மற்றொரு கூட்டுக்கு வழி காட்டுகிறது. கம்பு சுற்றுவதில் காலடிதான் முதற்பாடம், கை பிறகுதான். வர்மக்கலையோ உடலிலுள்ள 108 நிலைகளை, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 எனப் பிரித்துக் கற்பிக்கிறது. அடிக்கத் தெரிந்த ஆசானுக்கு அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அம்மரபின் கட்டளை. ஐந்தாம் பதிப்பின் மாங்க் வகை, வெறுங்கையாலும் எளிய கம்பாலும் போரிட்டு, ஐந்தாம் படிநிலையில் எதிரியை அடித்து நிலைகுலைக்கிறது. 2020இல் ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலில் சேர்ந்த ‘வே ஆஃப் மெர்சி’ என்ற கிளை தொட்டுக் குணப்படுத்தவும், தொட்டுத் தீங்கு செய்யவும் வல்லது. வர்ம ஆசானுக்கு இதைவிட நெருக்கமான அமைப்பு அந்த ஆட்டத்தில் இல்லை. இதனோடு ஃபைட்டரில் இரு படிநிலையைக் கூட்டுவோர், கவசமும் கேடயமும் தரித்தால் மாங்கின் திறன்கள் போய்விடும் என்பதை மறக்கலாகாது. ஃபைட்டர் தரும் கவசப் பயிற்சி இங்கு வீண். சண்டைத் திறன் ஒன்றுக்காகவே ஆடுபவர் ஆக்ஷன் சர்ஜுக்காக அந்த இரண்டை எடுக்கலாம். ஆசானைக் காட்ட விரும்புபவர் மாங்காகவே வளர்வது நல்லது. சிலம்பமும் வர்மமும் அம்மரபிலேயே ஒன்றாகிவிட்டன, விதிநூலில் அவற்றைப் பிரித்து மீண்டும் ஒட்ட வேண்டியதில்லை.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது. மேற்குப் பாளையத்தார் அனைவரையும் பார்பேரியனாகவும், கிழக்குப் பாளையத்தார் அனைவரையும் வேறொன்றாகவும் பிறப்பைக் கொண்டு வகுத்துவிடும் சோம்பல் எளிதில் நேரக்கூடியது. பிறப்பால் போர்க்குணம் என்று காலனிய ஆட்சி பேசியதும், அதே மூச்சில் பிறப்பால் குற்றக்குணம் என்று 1871இன் குற்றப் பழங்குடியினர் சட்டத்தில் எழுதியதும், 1911இல் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டுப் பல சமூகத்தினரைக் கைரேகை வைக்கச் செய்ததும் வரலாறு. காவல் ஒரு தொழில், ஓர் ஒப்பந்தம், இரத்தத்தில் ஓடுவதன்று. பாத்திரத்தின் வீரவகையைச் சாதியிலிருந்து எடுக்கும் ஆட்ட நடத்துநர் அச்சட்டத்தின் எழுத்தரைப் போல் வேலை செய்கிறார்.

ஆழ்வார்திருநகரிக்கே உரிய இன்னொரு மரபும் பாத்திரம் ஏற்பவர்களுக்குக் கற்பிக்கத்தக்கது. நம்மாழ்வார் அவதரித்த அவ்வூர், பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை மரபு கொண்ட சில தலங்களுள் ஒன்று. முத்துக்குறி என்னும் பகுதியில் அரையர் ஒருவரே மகளாகவும் தாயாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி நிற்கிறார், உடை மாறுவதில்லை. மூவரும் ஒருவருக்குள் கரைந்துவிடுவதுமில்லை. கூட்டுவகைப் பாத்திரத்தை ஆடுபவர் இரண்டையும் குழைத்து மூன்றாவதாக ஒன்றாக்க முயலும்போது, பெரும்பாலும் இரண்டும் காணாமற்போகின்றன. எந்த நேரத்தில் எவர் பேசுகிறார் என்று தெரியும்படி ஆடுவது மேல்.

1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்சீமையின் பாளையங்களில் ஈட்டியும் துப்பாக்கியும் வைத்திருப்பதைத் தடை செய்தது. அதன்பின் இம்மூவகை வீரரில் ஆயுதத்தோடு வெளிப்படையாக நின்றவர் சிப்பாய் ஒருவரே. ஆகவே இக்கூட்டுகளை ஆடக் களம் தேடும் குழுவினருக்கு 1755க்கும் 1801க்கும் இடைப்பட்ட காலமே உகந்தது. ஐந்தாம் படிநிலையோடு முடியும் குறுகிய ஆட்டம் என்றால் எந்த இரு வீரவகைகளையும் கூட்ட வேண்டாம். கூடுதல் தாக்கு கைக்கு வருமுன் கதை முடிந்துவிடும். எட்டுக்கு மேல் செல்லும் நீண்ட ஆட்டம் என்றால் ரேஞ்சர் ஐந்தும் ஃபைட்டர் இரண்டுமான காவல்காரச் சிப்பாயே இந்தச் சீமைக்கு முதல் தேர்வு. பார்பேரியனும் சாம்பியனும் கூடிய வீரன் பகடைக் கணக்கில் அவரைவிட வலியவன்தான். தாமிரபரணிக் கரையில் அவனுக்கு வேலை இல்லை.